முந்திக்கொண்ட செய்தி

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் வந்து கருணாகரன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். நிருபர் வீடு என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். இத்தனைக்கும் சோறு போட்டது ஆயுள் இன்சூரன்ஸ்தான். நன்றாக இருக்கிற மனிதனின் எதிரே போய் உட்கார்ந்து, நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று பேச்சைத் தொடங்குகிற பிழைப்பு. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. பெருமையெல்லாம் கோலாலம்பூரிலிருந்து வரும் 'தினக்கொடி' நாளிதழில், செய்திக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சாகும் 'நமது மலாக்கா நிருபர்' என்ற சொற்களில்தான் இருந்தது.

செய்தி சேர்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. கல்யாணமோ கருமாதியோ, போய் உட்காருவார். கொடுக்கிற கோப்பியைக் குடிப்பார். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு தன் கேள்வியைக் கேட்பார். வீட்டுக்கு வந்து எழுதியதை மனைவி சிவகாமசுந்தரிக்கு வாசித்துக் காட்டுவார். "அவங்க பெரிய மருமகன் ஈப்போவுல இல்ல, தைப்பிங்கில" என்று அவள் ஒரு பிழையாவது பிடிப்பாள். திருத்தி உறையில் போட்டு, கோலாலம்பூர் போகும் டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்புவார். இரண்டு நாள் கழித்து அச்சில் வரும். செத்தவருக்கும் அவசரமில்லை, படிப்பவருக்கும் அவசரமில்லை.

ரேடியோ வந்துதான் எல்லாரையும் அவசரக்காரர்களாக ஆக்கியது. கோப்பிக் கடைக்குக் கடை பெட்டி. மதியம் சாப்பிட்டு வாய் கழுவுவதற்குள் தமிழில் செய்தி வாசித்துவிடுகிறார்கள். கருணாகரன் அரும்பாடுபட்டு எழுதியது பத்திரிகையில் வரும்போது, "இதை முந்தாநாளே கேட்டாச்சே நிருபரே" என்று ஊர் கொட்டாவி விட்டது. 'தினக்கொடி' ஆசிரியர் ராஜரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தார். சுடச்சுட வரும் செய்தியைப் பத்திரிகையே ரேடியோவுக்குக் கொடுத்துவிடும்; பதிலுக்கு அங்கே 'தினக்கொடி தெரிவிக்கிறது' என்று பெயரைச் சொல்லுவார்கள். அதற்கு நிருபர்கள் காலையிலேயே டெலிபோன் செய்ய வேண்டும். உறையும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம்.

கருணாகரனிடம் டெலிபோன் ஏது? ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மாமனின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கும் சேதுபதியிடம் இருந்தது. அவனுக்கு நிருபர் ஆகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, ஊர் சுற்ற ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தது. அண்மையில் ஆற்றோரக் கிடங்கு ஒன்று பற்றியெரிந்தபோது, கருணாகரன் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேருமுன் அவன் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டான். அன்று சாயங்காலம் ராஜரத்தினம் ஆள் மூலம் சொல்லியனுப்பியது சுருக்கமாக இருந்தது: இன்னொரு முறை பிந்தினால் மலாக்காவுக்குச் சேதுபதிதான். அதைக் கேட்டதிலிருந்து கருணாகரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தனபாலன் படுக்கையில் விழுந்தார்.

காஜா பெராங்கில் சிட்டிகள் என்று ஒரு பழைய சமூகம் இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன், சுல்தான் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இந்த மண்ணோடு மண்ணாகிப்போன தமிழர்களின் வழிவந்தவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய், உடை சாரோங்கும் கெபாயாவும். தனபாலன் அவர்களில் பெரியவர், ஆபீசில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் குருக்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் கைவசம் வைத்திருந்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் நெருங்க நெருங்க, யார் குடிமகன், யார் வந்தவன் என்று நாடெல்லாம் பேச்சு. பிறந்த பத்திரத்தைத் தேடி ஆளாளுக்கு வீட்டுப் பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, எல்லாரும் எப்போது வந்தீர்கள் என்று கேட்கிறார்கள், நாங்கள் வரவில்லை, இங்கேதான் இருக்கிறோம் என்று மலாயில் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கருணாகரன் எழுத, அது படத்தோடு 'தினக்கொடி'யில் வந்தது. அவர் எழுதியதிலேயே அவருக்குப் பிடித்த செய்தி அதுதான்.

டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று பேச்சு வந்ததும் கருணாகரன் தினமும் அந்த வீட்டுப் பக்கம் சைக்கிளை விட்டார். பாசம் பாதி, பயம் பாதி. தனபாலன் போனால் மலாயா முழுக்கச் செய்தி. அதையும் சேதுபதி தட்டிக்கொண்டு போனால் தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஜூலை மாதத்தின் அந்தக் காலையில் அவர் போனபோது வீட்டின் முன்கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருக்கவேண்டிய குடும்பம் முழுக்க வெளியே நின்றது. ஆண்கள் தலைகுனிந்து நின்றார்கள். மகள் தெய்வானை தூணில் சாய்ந்து கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. கதவிடுக்கு வழியே சாம்பிராணிப் புகை வெளியேறிக்கொண்டிருந்தது. கருணாகரன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காரத்தான் காலெடுத்து வைத்தார். அப்போது சந்தி முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அது சேதுபதியின் வண்டிதானா என்று அவர் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பினார். சந்தியில் இருந்த சீன மருந்துக் கடையில்தான் அருகே டெலிபோன் உண்டு. கடை முதலாளியான தவுக்கேயிடம் கெஞ்சி, கோலாலம்பூருக்கு லைன் கேட்டு, கருவியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். ராஜரத்தினம் கிடைத்ததும், "சார், தனபாலன் போயிட்டார். காலையில, வீட்டிலேயே" என்றார்.

மறுமுனையில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "நமக்குத்தானே முதல்ல?"

"நமக்குத்தான் சார்."

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், படம் கையில் இருக்கிறது, மதியச் செய்திக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி ராஜரத்தினம் வைத்துவிட்டார். நல்ல வேலை செய்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். கருணாகரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது தனபாலனுக்காக வந்ததா, தனக்காக வந்ததா என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். கடைக்காரர் சமையற்கட்டில் எதையோ தாளித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கருணாகரனின் கை அப்படியே நின்றுவிட்டது. தனபாலன் வீட்டு வாசலிலும் வாசனை வந்ததே. மிளகாய்ச் சம்பாலும் தேங்காய்ப்பால் சோறும் மணக்க மணக்க வந்ததே. மூக்கு அப்போதே சொல்லியிருக்கிறது; அவர்தான் காதை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார். சாவு வீட்டில் யாராவது அடுப்பு மூட்டுவார்களா?

மருந்துக் கடைக்கு ஓடி மறுபடி லைன் கேட்டார். லைன் எல்லாம் நிறைந்திருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தார். வழியெல்லாம் ஒரே வேண்டுதல். தனபாலன் நிஜமாகவே செத்திருக்கவேண்டும் என்று அந்த மனிதர் வேண்டிக்கொண்டு போனார். என்ன வேண்டுகிறோம் என்று பாதி வழியில்தான் அவருக்கே உறைத்தது. வாயில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மனம் வேண்டுவதை நிறுத்தவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் வாழையிலைகள் வரிசையாக, சோறும் குழம்பும், நடுவே டுரியானும் மங்குஸ்தீனும் குவிந்திருந்தன. பழம் பழுக்கும் காலத்தில் செய்யும் பார்ச்சு என்ற படையல். முன்னோருக்குப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று வீட்டார் வெளியே பேசாமல் நிற்பது அவர்கள் வழக்கம். பொங்கல் சமயத்துப் பார்ச்சுக்குக் கருணாகரன் விருந்தே சாப்பிட்டிருக்கிறார். நடுவருடத்திலும் ஒன்று உண்டு என்பதை யாரிடமும் கேட்டதில்லை. எழுந்து வரமுடியாத பெரியவரை மட்டும் உள்ளறையில் விட்டிருக்கிறார்கள்; போன வருடம் செத்த தாயின் நினைவில் தெய்வானை அழுதிருக்கிறாள். அவ்வளவுதான் சங்கதி. தனபாலன் சாய்வு நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மெலிந்த கையை ஆட்டி, "இஞ்சே கருணா, மாசோக், மாசோக்" என்று, மலாயில் ஐயாவுக்குச் சொல்லும் இஞ்சே போட்டு, உள்ளே கூப்பிட்டார்.

தெய்வானை இலையைப் போட்டு உட்காரவைத்துவிட்டாள். விருந்தாளி சாப்பிடாமல் போனால் முன்னோர் கோபிப்பார்களாம். கருணாகரன் சாப்பிட்டார். சொல்லிவிடவேண்டும், இந்தக் கவளம் முடிந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் தள்ளிப்போட்டார். மூலையில் ரேடியோ மலாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. தமிழ்ச் செய்தி தொடங்கியது.

அந்த வீட்டில் தமிழ்ச் செய்தியை யாரும் காதில் வாங்குவதில்லை; புரியாது. ஆனால் 'மலாக்கா காஜா பெராங்' என்றதும் தெய்வானை நிமிர்ந்தாள். 'தனபாலன்' என்றதும் வீடே நிமிர்ந்தது. வாசித்தவர் குரல் கனமாக இருந்தது, மரியாதையாகவே இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் ஓடிவந்து, ரேடியோவில் பெயர் வந்துவிட்டது என்று மலாயில் கொண்டாடினார். தெய்வானை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனபாலனுடைய தமிழ் கோயிலோடு சரி. வானொலித் தமிழ் அவருக்கு எட்டவில்லை. எல்லாரும் கருணாகரனைப் பார்த்தார்கள். என்ன சொன்னார்கள் என்று பெரியவர் கேட்டார்.

கருணாகரன் எச்சிற் கையோடு உட்கார்ந்திருந்தார். "உங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னாங்க ஐயா" என்றார்.

அப்படியானால் நாளைக்குப் பேப்பரிலும் வருமா என்று தெய்வானை மலாயில் கேட்டாள். வரும் என்றார். பெரியவர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டவேண்டும் என்றார். கட்டாயம் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்த கருணாகரன், வேலியோரம் நின்று சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தார்.

மாலையில்தான் மறுபடி ராஜரத்தினம் கிடைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார். ரேடியோவில் மறுத்துச் சொல்லமுடியாதா என்று கருணாகரன் கெஞ்சினார்.

"ஒருத்தர் உயிரோட இருக்கிறது செய்தியாய்யா?"

சுதந்திரச் சிறப்பிதழ் வேலை தலைக்குமேல் இருக்கிறது, மறுப்புப் போட்டால் அடிமூலையில் ஒரு வரி இடம் தருகிறேன், ஆனால் மறுப்பு வந்த அன்றே மலாக்கா நிருபரும் மாறவேண்டியிருக்கும், பெரியவர் எப்படியும் நாலைந்து நாளில் போய்விடுவார், பேசாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார் ராஜரத்தினம். கெட்ட மனிதரில்லை. காலம் விரட்டுகிற மனிதர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சிவகாமசுந்தரி திட்டவில்லை. "இத மட்டும் ஏன் எங்கிட்ட வாசிச்சுக் காட்டல?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவர் விடியும்வரை புரண்டார்.

காலையில் பத்திரிகைக் கட்டு வந்திறங்கும் இடத்துக்குப் போனார். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் தனபாலன் படம். அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஜாலான் துக்காங் எமாஸில், விநாயகர் கோயில் வாசலில் கூட்டம். கோயில் காரியங்களைப் பார்க்கும் மாணிக்கவாசகம் பூமாலைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தனபாலன் உயிரோடு இருக்கிறார் என்று கருணாகரன் அவரிடம் சொன்னார். ஒரு முறை அல்ல, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மாணிக்கவாசகம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நிருபரே, ரேடியோவுல சொல்லிட்டாங்க. பேப்பர்ல படம் போட்டாச்சு. நீங்க மனச விட்டுடாதீங்க."

நேற்றுவரை ஊர் அவர் வாயைப் பார்த்துத்தான் எதையும் நம்பியது. இன்றைக்கு அவர் விட்ட பொய்க்கு முன்னால் அவர் சொல்லும் உண்மை செல்லாக்காசு. பூசை முடிந்ததும் மாலையோடு புறப்படுவதாக மாணிக்கவாசகம் சொன்னார். அந்தக் கூட்டம் அழுதுகொண்டு அந்த வீட்டுக்குள் நுழைவதை நினைத்ததும் கருணாகரன் சைக்கிளை எடுத்தார். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். நேற்று எதற்கு முந்தினாரோ அதைவிட வேகமாக இன்று மிதித்தார்.

தனபாலன் அதே நாற்காலியில் காத்திருந்தார். சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கருணாகரன் உட்காரவில்லை. நின்றபடியே மலாயில் சொல்லிவிட்டார்: நேற்று ரேடியோவில் சொன்னது புகழ்ச்சி இல்லை, மரணச் செய்தி, கொடுத்தது நான், கதவு சாத்தியிருந்ததைப் பார்த்துக் கேட்காமல் ஓடினேன், பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். தெய்வானை அவரைப் பார்த்து, என் கையால் சாப்பிட்டீர்களே என்றாள்.

பெரியவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் கருணாகரன் பயந்தார், இல்லை, சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, செத்தவனைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று வாசி, எத்தனை பேருக்கு அதைக் கேட்கும் யோகம் கிடைக்கும் என்றார்.

கருணாகரன் தாளை விரித்து, ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னார். சமூகத் தலைவர் என்று எழுதியிருந்தது, பெரியவர் தலையசைத்தார். பழகுவதற்கு இனியவர் என்று இருந்தது. மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாம் வரியில் கருணாகரனின் விரல் நின்றது. 'நாகப்பட்டினத்தில் பிறந்த அன்னார், இளமையில் கப்பலேறி மலாயா வந்து, கடின உழைப்பால் உயர்ந்தவர்.' அவர் சொன்ன செய்தியில் இது இல்லை. நேரமில்லாத ராஜரத்தினம், எல்லாருக்கும் போடுகிற வரியை எடுத்து இவருக்கும் போட்டுவிட்டார். 'தினக்கொடி'யில் செத்தவர்கள் அத்தனை பேரும் இளமையில் கப்பலேறி வந்தவர்கள்தான்.

விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். அந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கருணாகரன் அதை நினைக்காமலும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு பொய்யை அவரால் சொல்லமுடியாது. வாசித்தார்.

தனபாலன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். கருணாகரன் மறுபடி வாசித்தார். மறுப்பு ஒரு வரிதான் போடுவார்கள் ஐயா, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று போட்டுவிடச் சொல்கிறேன் என்று கருணாகரன் சொல்லத் தொடங்கினார். பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். இந்த முறை அவர் மலாயில் பேசவில்லை. கருணாகரனுக்கு நன்றாக விளங்கவேண்டும் என்று, தெரிந்த தமிழைத் தேடிப் பொறுக்கிப் பேசினார்.

"சாவு பொய்யா எழுதின, பரவால்ல. நாளைக்கு நான் செத்து அத மெய்யாக்கிடுவேன். பொறப்பு பொய்யா எழுதிட்டியே இஞ்சே. அத நான் எப்படி மெய்யாக்குறது?"

கருணாகரன் பத்திரிகையை அங்கேயே வைத்துவிட்டு மருந்துக் கடைக்கு நடந்தார். எதிரே மாணிக்கவாசகமும் கூட்டமும் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தவில்லை, போய்ப் பார்க்கட்டும். லைன் கிடைக்கும்வரை பொறுமையாக நின்றார். ராஜரத்தினம் வந்ததும், மறுப்புப் போடுங்கள் என்றார். மலாக்கா நிருபர் மாறுவதைப் பற்றி யோசித்தீர்களா என்று ராஜரத்தினம் கேட்டார். யோசித்தேன் என்றார். எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தனபாலன் மலாக்காவிலேயே பிறந்தவர், அவர் முன்னோரும் இங்கேயே பிறந்தவர்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொன்னதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

வாசித்து முடித்த ராஜரத்தினத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் உயிரோட இருக்கார்னு போட வேணாமா?"

"வேணாமாம் சார். அத அவரே பாத்துக்குறாராம்."